பக்கத்து நாற்காலி

ஆளுநர் தன் உரையின் நான்காம் பக்கத்தைப் படித்து முடித்தார். தாளைப் புரட்டாமல் மறுபடியும் அதே பக்கத்தை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதை முதலில் கவனித்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த துணை ஆளுநர். ஒரு வரி மாறிப் போயிருக்கும், சுதாரித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள். அவர் சுதாரித்துக்கொள்ளவில்லை. முதல் தடவை எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாரோ அங்கேயே நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்தப் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு வேடிக்கை இருந்தது. "பாலம் வந்துட்டா படகுக்காரன் என்ன செய்வான்னு கேக்கறாங்க. நான் செஞ்ச மாதிரி தேர்தல்ல நிப்பான்." முதல் தடவை இரண்டு சபைகளும் சேர்ந்து சிரித்திருந்தன. இப்போது அதையே சொல்லிவிட்டு, சிரிப்புக்காகக் கொஞ்சம் நின்றார். வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்து நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பது போலக் கையை நீட்டித் தாளைப் புரட்டினாள். ஆளுநர் ஐந்தாம் பக்கத்தைப் படித்துக்கொண்டு போனார். குரல் துளிகூட நடுங்கவில்லை. அவளுக்குப் பயம் வந்தது அதனால்தான்.

வெளியே வந்ததும் ஆளுநரின் செயலாளர், தாள் அடுக்கியவர்கள் ஒரு பக்கத்தை இரண்டு தடவை வைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நான்காம் பக்கம் ஒன்றுதான் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அதைப் புரட்டியவளே அவள்தானே.

ஆளுநரை மாநிலம் முழுவதும் சாரங்கு என்றுதான் சொல்வார்கள். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகை வெகுகாலம் ஓட்டியவர். படகுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, அங்கிருந்து அரசியலுக்கு வந்தார். அவள் அதே படகுத்துறையில் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தவள். டிக்கெட்டக்கா என்ற பெயர் அப்போது ஒட்டியது, இன்னும் போகவில்லை. ஆளுநர் பதவிக்குத் தேர்தலில் நிற்பவர் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். கட்சி ஒரு வக்கீலைச் சொன்னது, ஒரு மில் முதலாளியைச் சொன்னது. சாரங்கு எதற்கும் மசியவில்லை. "படகு நிறைஞ்சா நிறைஞ்சிடுச்சுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு எனக்கு வேணும்" என்று அவளைச் சேர்த்துக்கொண்டார்.

துணை ஆளுநராக வந்த பிறகும் அவள் துறைத் தெருவிலேயே குடியிருந்தாள். கீழே கணவரின் பட்டறை, மாடியில் வீடு. கணவர் படகு இஞ்சின் மெக்கானிக். அன்று அவள் வந்தபோது தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பம்பைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பாக டீசலில் முக்கித் துடைத்துப் பழைய துணி மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"சாரங்கண்ணன் இந்தப் பக்கம் கடைசியா எப்ப வந்தாரு?"

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பிரிங்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "எதுக்கு?"

"எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். வந்தாரா இல்லையா?"

"வந்தாரு." ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார். "காவலுக்கு ஆள் இல்லாம, காலங்காத்தால நடந்தே வந்தாரு. வெள்ளச்சி இஞ்சின் முடிஞ்சிடுச்சான்னு கேட்டாரு."

வெள்ளச்சி என்பது சாரங்கு ஓட்டிய முதல் படகு. அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு முடிஞ்சிடும்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? சரி, அவசரமில்ல, நல்லாப் பாருன்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சிட்டுப் போனாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏதாவது செய்யணும். சொல்லலேன்னா செய்ய வேண்டியதில்ல. அதான்."

அவள் சபையில் நடந்ததைச் சொன்னாள். மெக்கானிக் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மாடிக்குப் போய் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி ரொட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். ஆற்றில் கடைசிப் படகு சங்கு ஊதிவிட்டுத் துறையை விட்டுப் போனது.

துணை ஆளுநருக்கு என்ன வேலை என்று கேட்டால் ஜனங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மேலவை கூடினால் அவள்தான் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டும். யார் பேசலாம், யார் உட்கார வேண்டும் என்று சொல்லலாம், மணியடிக்கலாம். அவள் மட்டும் விவாதத்தில் பேசக்கூடாது. இரண்டு பக்கமும் சமமாக ஓட்டு விழுந்தால் மட்டும் அவள் ஒரு ஓட்டுப் போடலாம், அப்படி ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆளுநரால் போக முடியாத திறப்பு விழாவுக்கும் சாவு வீட்டுக்கும் போவாள். அவர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் அதிகாரம் அவளிடம் வரும், திரும்பி வந்ததும் போய்விடும். கடைக்காரர் சாப்பிடப் போகும்போது பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலத்தான். எதிர்க்கட்சிக்காரர்கள் அவளை ஸ்டெப்னி என்றார்கள். அந்தச் சொல்லுக்கு அசிங்கமான இன்னொரு அர்த்தம் உண்டு என்று தெரிந்தேதான் சொன்னார்கள். மெக்கானிக் அதற்குக் கோபப்பட்டதில்லை. "வண்டி வாங்கறவன் எல்லாத்தையும் பாப்பான், அதுல காத்து இருக்கான்னு மட்டும் பாக்கமாட்டான். பஞ்சராகி நடுரோட்டுல நிக்கறப்பதான் குனிஞ்சு பாப்பான்" என்பார்.

இத்தனை வேலைகளுக்கும் அடியில் இன்னொரு வேலை சட்டத்தில் இருந்தது. ஆளுநரால் பதவியைப் பார்க்க முடியாமல் போனால், அவரே எழுதிக்கொடுத்து ஒதுங்கலாம். அவர் எழுதிக்கொடுக்கவில்லை என்றால், துணை ஆளுநரும் மந்திரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சபைகளுக்குச் சொல்ல வேண்டும். முதல் கையெழுத்து அவளுடையதாக இருந்தால்தான் மற்றவர்கள் போட முடியும்.

மறுநாள் அவள் மேட்டுத் தெருவில் இருந்த ஆளுநர் வீட்டுக்குப் போனாள். எந்நேரமும் ஆட்கள் நின்ற வாசலில் யாரும் இல்லை. பகலிலேயே திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். சாரங்கின் மனைவி பின்கட்டில் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டிக்கெட்டக்கா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள்.

"நீங்க ஏன் அண்ணி இதெல்லாம் செய்யறீங்க? ஆள் இருந்தாங்களே."

"அனுப்பிட்டேன். சமையலுக்கு இருந்தவரையும் அனுப்பிட்டேன். வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. எதுக்கு ஆளு?" அண்ணி சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்தாள். "அவரு தூங்கறாரு. அவரைப் பாக்க வந்தியா, இல்ல என்னைப் பாக்க வந்தியா?"

"உங்களைத்தான்."

"அப்ப உக்காரு."

அவள் உட்காரவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, மடித்த சட்டைகளை வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த வேலை நடந்தது.

"எப்பலேருந்து அண்ணி?"

"எது எப்பலேருந்து?"

"அண்ணி."

இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் கையில் ஏறி இறங்கியது. "போன மழைக்கு முன்னாடியே. சாவியை எங்க வெச்சேன்னு கேப்பாரு. எல்லாரும் கேக்கறதுதானே. அப்புறம் சாவி எதுக்குன்னு கேட்டாரு." அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "காலையில நல்லா இருக்காரு. பேப்பர் படிக்கறாரு, மந்திரிங்களைத் திட்டறாரு. வெயில் இறங்க ஆரம்பிச்சா வேற ஆளு. அதனால எல்லாத்தையும் காலையிலயே வெக்கச் சொல்லி செயலாளர்கிட்ட சொல்லியிருக்கேன். செயலாளருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுல தெரியும்."

"மெக்கானிக் வாயத் தொறக்கமாட்டாரு."

"டாக்டர்?"

"டாக்டர்கிட்ட போனா எழுதி வெப்பாங்க. எழுதினா வெளிய வரும்." அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "உன்னை யாரு அனுப்பினது? நிதி மந்திரியா?"

"யாரும் அனுப்பல."

"அவன் நாற்காலியை அளந்து பாத்துக்கிட்டு இருக்கான். நீயும் அளக்க வந்தியோன்னு பாத்தேன்."

"அண்ணி, நான் அதுக்கு வரல."

"வரலேன்னா போயிடு. வேண்டாம், இரு. நான் கேக்கறதைக் கேளு." அண்ணியின் குரல் இறங்கியது. "உன் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆனப்ப, கூண்டுல உன் இடத்துல யாரு உக்காந்தா? வேலை போயிடக்கூடாதுன்னு படகை ஓட்டிட்டு வந்து, இறங்கி டிக்கெட்டும் கிழிச்சாரு. சாப்பிடக்கூட வரல. அதை நான் சொல்லிக்காட்டறதா நினைக்காத. சொல்லிக்காட்டத்தான் செய்யறேன். இந்தக் கூட்டத்தொடர் முடியட்டும். அதுவரைக்கும் விடு. அப்புறம் உடம்பு சரியில்லன்னு அவரே மரியாதையா இறங்கிக்கட்டும். நானே எழுத வெக்கறேன்."

டிக்கெட்டக்கா கையில் இருந்த சட்டையைப் பார்த்தாள். பொத்தான்களுக்குப் பதிலாக ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருந்தது. மேலே பொத்தான்கள் வெறும் பார்வைக்கு.

"சரி அண்ணி" என்றாள். "கூட்டத்தொடர் முடியற வரைக்கும்."

கூட்டத்தொடர் முடிவதற்குள் ஒரு நாள் புயல்காற்று வந்துவிட்டது.

அன்று காலையிலிருந்தே ஆறு பழுப்பாக நுரைத்து ஓடியது. படகுத்துறை அதிகாரி படகுகளை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த மாநிலத்தை ஆறு இரண்டாக வெட்டுகிறது. படகை நிறுத்தினால் அக்கரைக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அதனால் நிறுத்துகிற உத்தரவை ஆளுநர்தான் போட வேண்டும். காலையில் சாரங்கு நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கரையிலிருந்து யாரோ போன் செய்து கெஞ்ச, ஓட்டச் சொல்லி இன்னொரு கையெழுத்துப் போட்டார். முன்னால் போட்டது அவருக்கு நினைவில்லை. துறைக்கு இரண்டு தாளும் வந்து சேர்ந்தன. எதை எடுப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

மேலவை நடந்துகொண்டிருந்தது. செயலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து காதில் சொன்னார். அவள் மூத்த உறுப்பினர் ஒருவரைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"படகு எங்க இருக்கு?"

"நடு ஆத்துல, அம்மா. இஞ்சின்ல தண்ணி ஏறிடுச்சுன்னு சொல்றாங்க. இழுத்துட்டு வர மோட்டார் படகு போயிருக்கு. அதுல..." செயலாளர் தயங்கினார். "உங்க வீட்டுக்காரரும் போயிருக்காரு."

அவள் வண்டியில் ஏறி மேட்டுத் தெருவுக்குப் போகச் சொன்னாள். இன்னும் இரண்டு படகுகள் கிளம்பத் தயாராக நின்றன. நிறுத்துவதற்கு ஒரு தெளிவான உத்தரவு வேண்டும், அதைப் போட அவளுக்கு அதிகாரம் இல்லை.

சாரங்கு ஆற்றைப் பார்த்த ஜன்னல் அருகில் நின்றிருந்தார். அந்த ஒரு திரையை மட்டும் அவரே விலக்கியிருந்தார். செயலாளர் தாளை நீட்டினார். "ஐயா, படகு சேவையை நிறுத்தற உத்தரவு. கையெழுத்து வேணும்."

"எதை நிறுத்தணும்? ஏன்யா எப்பப் பாத்தாலும் எதையாவது நிறுத்தணும்னு வர்றீங்க?" சாரங்கு எரிச்சலோடு தாளைத் தள்ளினார். செயலாளர் இன்னொரு தடவை சொன்னார். சாரங்கின் முகம் இறுகியது. அண்ணி கதவோரம் நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

டிக்கெட்டக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் பார்க்கும் இடத்தையே தானும் பார்த்தாள்.

"அண்ணே, துறையில கூட்டம் நிக்குது. டிக்கெட் குடுக்கட்டுமா?"

சாரங்கு திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்தார். முகம் தளர்ந்து, வேறொரு முகமாக மாறியது. "காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பாரு. நீரோட்டம் ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம். நடுவுல போனா திருப்பவே முடியாது. குடுக்காத. கூண்டைச் சாத்திட்டு வீட்டுக்குப் போ. நிக்கறவங்களையும் போகச் சொல்லு."

"ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு அண்ணே."

"அப்ப வடத்தை முன்பக்கம் கட்டச் சொல்லு. பின்னாடி கட்டினா கவுந்துடும்."

"சரிண்ணே. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

படகு பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தது. ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. குழந்தைகள் வாந்தியெடுத்துத் துவண்டு போயிருந்தன. யாரும் சாகவில்லை. மெக்கானிக்கும் பத்திரமாகக் கரை ஏறிவிட்டார். துறையிலிருந்து போன் வந்ததும் டிக்கெட்டக்கா ஆளுநர் வீட்டு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். அண்ணி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். செயலாளர் எதிரே வந்து நின்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"அம்மா, நான் தப்பாச் சொல்லல. நீங்க கேட்டவிதத்துல கேட்டா ஐயா சரியாச் சொல்றாரு. இனிமே முக்கியமானதெல்லாம் நீங்களே வந்து கேளுங்க. நான் தாளைத் தயாரா வெக்கறேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. ஐயா பேரு நிக்கும். நடக்க வேண்டியதும் நடக்கும்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றாள் அண்ணி. முதல் தடவையாக அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. "நீ பின்னாடி இருந்து பாத்துக்க. உன்னை விட்டா யாரு இருக்கா? நாற்காலியில அவரு இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவள் டீயைக் குடித்தாள். அது நடக்கக்கூடிய விஷயம்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் வரலாம். அண்ணே என்று ஆரம்பித்துப் படகுக் கதையாக மாற்றிக் கேட்கலாம். வேண்டிய பதில் வருகிற மாதிரி கேட்கவும் சீக்கிரம் பழகிவிடும். யாரும் அவளைத் துரோகி என்று சொல்லமாட்டார்கள். அவளைக் கேள்வி கேட்கவும் யாருக்கும் வழியிருக்காது.

"அண்ணி, ஆறு அவருக்குத் தெரியும். அதனால சரியாச் சொன்னாரு. நாளைக்கு ஒருத்தனை ஜெயில்லேருந்து விடலாமா வேண்டாமான்னு தாள் வரும். அதுக்கு நான் என்ன கேக்கறது? டிக்கெட் குடுக்கட்டுமான்னா?"

"அதை நீயே முடிவு பண்ணிக்கோ."

"முடிவு பண்றது நானு, பேரு அவரோடது. தப்பாப் போனா ஜனங்க அவரைத் திட்டுவாங்க. அவருக்கு ஏன் திட்டறாங்கன்னே தெரியாது. அது அவருக்குச் செய்யற மரியாதையா அண்ணி?"

அண்ணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"நான் அன்னைக்கே உங்களுக்குச் சரின்னு சொல்லியிருக்கக்கூடாது. இன்னைக்கு ஒரு பொம்பளை தோள் உடைஞ்சு கிடக்கறா. அதுல பாதி என்னோடது."

மறுநாள் காலை, அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் போனாள். சாரங்கு சவரம் செய்து, பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். அண்ணி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

"அண்ணே, உங்களுக்கு மறதி வந்திருக்கு. சாதாரண மறதி இல்ல. நேத்து மதியம் நடந்தது நினைவிருக்கா?"

"என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். இரண்டு கையெழுத்துகளையும் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் காது நுனிவரை சிவந்தது.

"எனக்கு இதைச் சொல்ல நீ யாரு?"

"நீங்க கூப்பிட்டு வந்த ஆளு."

"கூப்பிட்டது பக்கத்துல உக்காரத்தான். எந்திரிச்சு வந்து என்னைத் தள்ளறதுக்கு இல்ல."

"தள்ளல. நீங்களே எழுதிக் குடுத்தா மரியாதையா இருக்கும். நல்லாயிட்டா திரும்ப எழுதி வாங்கிக்கலாம். சட்டத்துல அப்படி இருக்கு."

"சட்டம் எனக்குத் தெரியும். நீ கூண்டுக்குள்ள இருந்தப்பவே எனக்குத் தெரியும்." எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "எத்தனை நாளாக் கண்ணு வெச்ச? நிதி மந்திரி எவ்வளவு தர்றேன்னான்? வெளிய போ. என் வீட்டுல உனக்குச் சோறு போட்டிருக்கேன். போ."

அவர் நினைவு முழுதாக இருந்த நேரத்தில், முழு மனதோடு சொன்னது அது. அவள் கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். சாரங்கு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

நிதி மந்திரியிடம் போக வேண்டியிருந்தது. அவர் எழுந்து நின்று வரவேற்றார். பழம் கொண்டுவரச் சொன்னார். "நாங்க எல்லாம் உங்க ஒருத்தருக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். நீங்க முதல்ல போடாம நாங்க எப்படிப் போடறது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது அவளுக்குக் கசந்தது. பழத்தைத் தொடவில்லை. மந்திரிகள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். இரண்டு பேர் போட மறுத்தார்கள். அவர்கள் மேல் அவளுக்கு மரியாதைதான் வந்தது.

மேலவையில் அந்த அறிவிப்பைத் தலைமை நாற்காலியிலிருந்து அவளே படித்தாள். ஒரு பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. மணியடித்து அதை நிறுத்தினாள். இன்னொரு பக்கத்திலிருந்து யாரோ சத்தமாக, "ஸ்டெப்னி வண்டியையே எடுத்துட்டுப் போகுது" என்றார்கள். அவளை மட்டும் சொன்னதால் அதற்கு மணியடிக்கவில்லை. ஆளுநர் பொறுப்பில் இருப்பவர் மேலவையில் தலைமை தாங்கக்கூடாது. படித்து முடித்ததும் எழுந்து, மூத்த உறுப்பினரை உட்காரச் சொல்லிவிட்டு, உறுப்பினர்களுக்கு நடுவில் நடந்து வெளியே போனாள். துறைத் தெருவில் டீக்கடைக்காரர் அன்று அவள் பக்கம் திரும்பவில்லை. படகுக்காரர்களில் பாதிப் பேர் பட்டறைக்கு வேலை கொண்டுவருவதை நிறுத்தினார்கள்.

"அவங்களுக்கு இஞ்சின் ரிப்பேராகாமயா போயிடும்?" என்றார் மெக்கானிக். ஆனால் பல நாள் பட்டறையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஆளுநர் வீட்டை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டாள். ஒரு டாக்டரை அனுப்பினாள். அண்ணி டாக்டரை உள்ளே விட்டாள். டிக்கெட்டக்கா பேரைச் சொல்லிப் போன வேறு யாரையும் விடவில்லை.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. அவள் அலுவலகத்தில் ஆஸ்பத்திரிப் படகு ஒன்று தனியாக வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. செயலாளர் தடுக்கத் தடுக்க அண்ணி உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். மற்றவர்கள் தாங்களாகவே எழுந்து வெளியே போனார்கள்.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. அவரு உன்னைக் கேக்கறாரு. தினமும் கேக்கறாரு. டிக்கெட் ஏன் வரல, உடம்பு சரியில்லையாங்கறாரு. ஒரு நாள் கோபத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டா, இனிமே வரமாட்டான்னேன். அழுதாரு. சாப்பிடல." அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மறுநாள் காலையில எந்திரிச்சு, டிக்கெட் ஏன் வரலன்னு கேக்கறாரு. அவருக்கு மறந்துடுச்சு. நான் ஒருத்திதான் அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

டிக்கெட்டக்கா கையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"நீ வர்றியா?"

"அவரு கூப்பிடறாரா, நீங்க கூப்பிடறீங்களா அண்ணி?"

"அவருதான். நான் கூப்பிட இன்னும் நாளாகும்."

"சரி" என்று எழுந்தாள்.

சாரங்கு வீட்டுக்குப் பின்னால் வெயிலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் கம்பளி சுற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

"எங்க போயிட்ட? ஆளையே காணோம்."

"வேலை அதிகம் அண்ணே."

"என்ன வேலை?"

"உங்க வேலைதான் அண்ணே. உங்க இடத்துல இருக்கேன்."

"அப்படியா?" அவருக்கு அது புதிதாக இருந்தது. "நான்தானே உனக்குக் குடுத்தேன்?"

அவள் வாய் திறக்கும் முன் பின்னால் நின்ற அண்ணி சொன்னாள். "நீங்க குடுக்கல. அவளே எடுத்துக்கிட்டா."

சாரங்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கதான் குடுத்தீங்க என்று சொல்லி டிக்கெட்டக்கா பேச்சை மாற்றலாம். எதைச் சொன்னாலும் அவருக்கு நாளைக்கு நினைவிருக்காது. அவள் கையை அவர் கையிலிருந்து எடுக்காமல், அண்ணிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆமாண்ணே. நானேதான் எடுத்துக்கிட்டேன்."

சாரங்கு யோசித்தார். ஏதோ கேட்க வந்து நெற்றியைத் தேய்த்தார். அது அவருக்குப் பிடிபடவில்லை.

"பசிக்குதே" என்றார்.

அண்ணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் மூன்று தட்டுகள் இருந்தன.